ஐம்பதா, நூறா? – பிரபஞ்சம் விரியும் வேகத்தை அளந்த கதை

(நூற்றாண்டு விழாவின் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



 

மேடையில் ஒருத்தி நின்று வாசித்தாலும் இதை எழுதியது நாங்கள் ஆறு பேர். 1994இல் இந்தக் கல்லூரியில் உயர்தரக் கணிதப் பிரிவில் சேர்ந்தபோது ஏழு பேராக இருந்தோம். விஞ்ஞானப் பிரிவில் நாற்பது பேர், கலைப்பிரிவில் அதைவிடக் கூட, கணிதத்தில் ஏழு. எங்களை 'அரை வாங்கு வகுப்பு' என்று பகிடி பண்ணுவார்கள். இன்று எங்களில் இருவர் கல்முனையிலேயே கற்பிக்கிறோம், ஒருத்தி டோஹாவில், ஒருத்தி இலண்டனில், ஒருத்தி கொழும்பில், ஒருத்தி மருதமுனையில் தறிக்கடை நடத்துகிறாள். வாட்ஸ்அப்பில் சண்டை பிடித்துச் சண்டை பிடித்து எழுதி முடித்த உரை இது.

விழாக்குழுவினர் கல்லூரியின் வரலாறு பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைப் பேசப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் எங்கள் பௌதிகவியல் டீச்சர் எங்களிடம் விட்டுப்போன ஒரு கேள்வியைப் பேசுகிறோம்.

டீச்சர் மட்டக்களப்பிலிருந்து வந்தவர். பாதை மூடினால் வகுப்பு இல்லை. திறந்தால் சனி, ஞாயிறும் வகுப்பு. கரண்ட் இல்லாத காலம் அது. ஒருநாள் பாடம் முடிந்ததும் கரும்பலகையில் 50 என்றும் 100 என்றும் இரண்டு எண்களை எழுதினார். "இது பாடத்திட்டத்தில இல்லை, பயப்படாதைங்கோ" என்றார். பிரபஞ்சம் விரிகிறது, எவ்வளவு வேகமாக விரிகிறது என்று ஒரு கூட்டம் 50 என்கிறது, இன்னொரு கூட்டம் 100 என்கிறது, இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள், நீங்கள் உம்மாமார் ஆகும்போது இதற்கு விடை வந்துவிடும் என்றார்.

நாங்கள் உம்மாமார் ஆகிவிட்டோம். எங்களில் ஒருத்தி பேரப்பிள்ளையும் கண்டுவிட்டாள். விடை இன்னும் வரவில்லை. வராத விதம்தான் இந்த உரைக்குக் காரணம்.

முதலில் அந்த எண் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறோம். தையல் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பாவாடைக்கு வைக்கும் இலாஸ்டிக் பட்டி ஒன்றில் அங்குலத்துக்கு ஒன்றாகப் பொத்தான் தைத்து, பட்டியை இரண்டு மடங்காக இழுத்தால், முதற் பொத்தானிலிருந்து இரண்டாவது ஓர் அங்குலம் விலகும். மூன்றாவது இரண்டு அங்குலம், நான்காவது மூன்று அங்குலம் விலகும். தூரத்தில் இருப்பது அதிக வேகமாக விலகுகிறது. எந்தப் பொத்தானில் இருந்து பார்த்தாலும் இதே காட்சிதான். நடுப்பொத்தான் என்று ஒன்று இல்லை. பால்வெளிகளும் அப்படித்தான் விலகுகின்றன. ஒவ்வொரு 32 இலட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு தூரத்துக்கும், விலகும் வேகம் செக்கனுக்கு எத்தனை கிலோமீற்றர் கூடுகிறது? டீச்சர் எழுதிய 50உம் 100உம் இதற்கான விடைகள். இதற்கு ஹபிள் மாறிலி என்று பெயர்.

வேகத்தை அளப்பது ஒப்பீட்டளவில் இலகு. பால்வெளியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, கோடுகள் சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று பார்த்தால் போதும். அமெரிக்காவில் வெஸ்டோ ஸ்லைபர் இதை 1912இலேயே தொடங்கிவிட்டார். தூரம்தான் பெரிய தொல்லை. வானத்தில் ஒரு புள்ளி மங்கலாகத் தெரிந்தால், அது பக்கத்தில் இருக்கும் சிறிய விளக்கா, எங்கோ இருக்கும் பெரிய விளக்கா என்று எப்படித் தெரியும்?

தெரிய வழி கண்டவர் ஒரு பெண். ஹென்றியேற்றா லெவிற், 1868இல் பிறந்தவர், காது கேளாதவர். ஹார்வர்ட் வானாய்வகத்தில் பெண்களைத் தொலைநோக்கியில் வேலைக்கு விடுவதில்லை. பெருநாட்டின் அரெக்கிப்பாவில் எடுத்து அனுப்பிய கண்ணாடித் தட்டுப் படங்களை மேசையில் வைத்து விண்மீன் எண்ணும் வேலைதான் அவர்களுக்கு. கூலி மணிக்கு 30 சதம். எதை ஆராய்வது என்பதையும் தலைவர் பிக்கரிங் தீர்மானிப்பார். அந்தத் தட்டுகளில், தென்வானத்தின் இரண்டு மகெலன் முகில்களில், ஒளி கூடிக் குறையும் 1,777 விண்மீன்களைக் கண்டெடுத்து 1908இல் வெளியிட்டார் லெவிற். அவற்றில் சிறிய முகிலிலுள்ள 25 விண்மீன்களை எடுத்து, ஒவ்வொன்றும் ஒருமுறை கூடிக் குறைய எத்தனை நாள் எடுக்கிறது என்று பட்டியலிட்டார். மிகக் குறைந்தது ஒன்றேகால் நாள், மிகக் கூடியது 127 நாள். நாட்கள் கூடக்கூட விண்மீனும் பிரகாசமாக இருந்தது. விலகாத ஒழுங்கு.

ஏன் சிறிய முகில்? கடற்கரையில் வளர்ந்த எங்களுக்கு இது விளங்கும். இரவில் மீன்பிடிக்கப் போன தோணிகளின் பெற்றோமெக்ஸ் விளக்குகள் கரையிலிருந்து தெரியும். எது பெரிய விளக்கு, எது கிட்ட இருக்கும் விளக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லாத் தோணியும் ஒரே இடத்தில் கூடி நிற்கின்றன என்று தெரிந்தால், பிரகாசமாகத் தெரிவது உண்மையிலேயே பெரிய விளக்குத்தான். சிறிய முகிலின் விண்மீன்கள் எல்லாம் எங்களிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கின்றன. அந்த வகை விண்மீனை இனி எங்கே கண்டாலும், நாட்களை எண்ணினால் அதன் உண்மைப் பிரகாசம் தெரியும். அதிலிருந்து தூரம் தெரியும்.

1912 மார்ச் 3ஆம் திகதி அந்தக் கட்டுரை பிக்கரிங்கின் கையொப்பத்தோடு வெளிவந்தது. மிஸ் லெவிற் தயாரித்தது என்று முதல் வரியில் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். 1921இல் அவர் இறந்துபோனார். 1925இல் சுவீடனிலிருந்து ஒரு கணிதப் பேராசிரியர் அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்க விரும்பி ஹார்வர்டுக்குக் கடிதம் எழுதினார். ஆள் உயிரோடு இல்லை என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

லெவிற்றின் அளவுகோலைக் கையில் எடுத்தவர் எட்வின் ஹபிள். 1923 ஒக்டோபரில் அன்ட்ரோமெடா என்ற மங்கலான மேகத்தில் அந்த வகை விண்மீன் ஒன்றைக் கண்டு, அது நம் பால்வெளிக்கு மிக அப்பால் உள்ள இன்னொரு பால்வெளி என்று காட்டினார். இந்த இடத்தில் எங்களில் இஸ்லாமிய நாகரிகம் படித்தவள் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: அந்த மேகத்தை முதலில் எழுதிவைத்தவர், 964ஆம் ஆண்டளவில், இஸ்பஹானில் இருந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி. 'சிறிய மேகம்' என்று குறித்தார். தொலைநோக்கி இல்லாமல் வெறுங்கண்ணால் கண்டு எழுதியது.

பெல்ஜியத்தின் லெமைத்ர் 1927இலும் ஹபிள் 1929இலும் தூரத்தையும் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஹபிளுக்கு வந்த விடை ஏறத்தாழ 500. இன்றைய விடையைப் போல ஏழு மடங்கு! 500 சரியென்றால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டுக்கு மேல் போகாது. பூமியின் பாறைகளுக்கோ கதிரியக்க முறையில் அதைவிடக் கூடிய வயது வந்தது. உம்மாவைவிட மகள் மூத்தவள்.

பிழை எங்கே? வேணியர் இடுக்குமானியைப் பிடித்த எவருக்கும் 'பூச்சிய வழு' நினைவிருக்கும். தாடைகளை மூடினால் கருவி பூச்சியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பிறகு எடுக்கும் ஒவ்வொரு வாசிப்பிலும் அதே பிழை ஏறிக்கொண்டே போகும். எத்தனை தடவை திருப்பி அளந்தாலும் தெரியாது, ஏனென்றால் எல்லா வாசிப்பும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும். வானத்தின் அளவுகோலிலும் அதுதான் நடந்திருந்தது. லெவிற்றின் ஒழுங்கு சரி. ஆனால் அதன் பூச்சியத்தை மற்றவர்கள் பொருத்தியபோது, இரண்டு வேறு வகை விண்மீன்களை ஒன்றென்று எடுத்துவிட்டார்கள். 1952இல் வால்ற்றர் பாடே அதைப் பிடித்தார். ஒரே அறிவிப்பில் பால்வெளிகளின் தூரம் எல்லாம் இரண்டு மடங்காயிற்று.

இன்னும் தூரம் போக லெவிற்றின் விண்மீன்கள் போதாது, மங்கிவிடும். அங்கே கைகொடுப்பது வெடிக்கும் விண்மீன்கள். இங்கேதான் எங்கள் மொழி பேசிய ஒருவர் வருகிறார். 1930 ஜூலை 31ஆம் திகதி சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் பம்பாயில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறளி விண்மீன் ஒன்றுக்கு எடையின் மேல் எல்லை உண்டு என்று கப்பலிலேயே கணக்குப் போட்டார். சூரியனின் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935 ஜனவரி 11ஆம் திகதி இலண்டனில் எடிங்டன் சபை நடுவே அதை எள்ளி நகையாடினார். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. ஒரு வெண்குறளி பக்கத்து விண்மீனிலிருந்து பொருளை வாங்கி அந்த எல்லையை நெருங்கினால் வெடிக்கும் என்பது பாடநூல் விளக்கம்; இரண்டு வெண்குறளிகள் மோதியும் வெடிக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். எப்படி வெடித்தாலும் பிரகாசம் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். இருக்கும் சிறு வேறுபாட்டையும் மங்கும் வேகத்தை வைத்துத் திருத்தலாம். கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலும் தெரியும் பெற்றோமெக்ஸ் அது.

சந்திரசேகரின் தாயாரைப் பற்றியும் சொல்லவேண்டும். சீதாலட்சுமி. இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். மகன் புறப்படும்போது கடும் நோயில் இருந்தார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகன் நின்றிருப்பார். போ என்றார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். மகன் பிறகு அவரைக் காணவில்லை. எங்களில் இருவருக்குப் பேராதனைக்கு இடம் கிடைத்தபோது எங்கள் வீடுகளில் நடந்ததை நினைத்துக்கொண்டு இதை எழுதினோம். ஒரு வீட்டில் உம்மா போ என்றா. மற்ற வீட்டில் முதலில் சம்மதம் வரவில்லை. மூத்தம்மா வந்து கதைத்த பிறகுதான் வந்தது. எந்த வீடு எது என்று சொல்லமாட்டோம்.

சரி, 50க்கும் 100க்கும் என்ன நடந்தது? 2001இல் வென்டி பிரீட்மன் என்ற பெண் தலைமை தாங்கிய குழு, ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியால் அளந்து 72 என்று அறிவித்தது, வழு 8. ஒரு கூட்டமும் வெல்லவில்லை, நடுவில் வந்து நின்றது. டீச்சர் சொன்னது பலித்தது என்று நாங்கள் சந்தோசப்பட்டிருக்கலாம். அந்த நேரம் நாங்கள் கல்யாணம், வேலை, பிள்ளை என்று சிதறிப்போயிருந்தோம், ஒருத்தியும் கவனிக்கவில்லை.

பிறகு அளவீடுகள் கூர்மையாயின. அதோடு சண்டை திரும்பவும் வந்தது. ஒரு வழி, நாங்கள் இதுவரை சொன்ன வழி: பக்கத்து விண்மீனில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது. அடம் றீஸ் தலைமையிலான குழு 2022இல் தந்த விடை 73.04, வழு 1.04. மற்ற வழி, பிரபஞ்சம் 3 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுக் குழந்தையாக இருந்தபோது புறப்பட்ட ஒளியை அளந்து, அந்தக் குழந்தை இன்று எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கணிப்பது. ஐரோப்பியர்களின் பிளாங்க் விண்கலம் தந்த விடை 67.4, வழு 0.5.

உயர்தரத் தங்கச்சிமாரே, வீச்சைப் போட்டுப் பாருங்கள். ஒன்று 72.0 முதல் 74.1 வரை. மற்றது 66.9 முதல் 67.9 வரை. ஒன்றையொன்று தொடவில்லை. 50க்கும் 100க்கும் இருந்த தகராற்றில் இரண்டு பக்கமும் தங்கள் வழுவைக் குறைத்துச் சொன்னார்கள் என்று சமாளிக்கலாம். இப்போது அது எளிதல்ல. விண்மீன்கள் நெருக்கமாக இருப்பதால் ஹபிள் தொலைநோக்கி ஒளியைப் பிழையாக வாசித்திருக்குமோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே விண்மீன்களைத் தெளிவாகப் பார்த்தது. ஹபிளின் வாசிப்பு சரிதான் என்றது. பிரீட்மனின் குழு வேறு வகை விண்மீன்களையும் சேர்த்து அளந்து 70 அளவில் நிற்கிறது. பெரிய முரண்பாடே இல்லாமலும் போகலாம் என்கிறார் அவர்.

பெருநாள் பிறைக்குப் பழகிய எங்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. கண்டேன் என்பவரும் பொய்யர் இல்லை, காணவில்லை என்பவரும் பொய்யர் இல்லை; இரவு பத்து மணிக்கு வானொலிக்குப் பக்கத்தில் எல்லோரும் குந்தியிருப்போம். பிரபஞ்சத்துக்கு அறிவிப்புச் சொல்லப் பெரிய பள்ளிவாசல் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

எங்கள் கதையில் நாங்கள் வெட்கப்படும் இடம் ஒன்று உண்டு. இரண்டாம் தவணையில் எளிய ஊசலால் புவியீர்ப்பு ஆர்முடுகல் காணும் செயன்முறை. விடை 9.81 என்று எங்களுக்குத் தெரியும். நிறுத்தற் கடிகாரமோ பழையது, பொத்தானை அமத்தினால் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். ஆறு கொப்பியில் 9.80, 9.81, 9.82 என்று வந்தது. ஒரு கொப்பியில் மட்டும் 9.6, வழு 0.3. டீச்சர் அந்த ஒன்றுக்கு முழுப் புள்ளி போட்டார். மற்ற ஆறையும் திருப்பித் தந்தார். "இந்தக் கடிகாரம் 9.81 தராது. இது வாசிப்பில்லை, ஞாபகம்" என்றார். அடுத்த வாரம் ஊசலின் நீளத்தைத் தானே மாற்றிக் கட்டி, அளவை எங்களுக்குச் சொல்லாமல், ஆடும் நேரத்தை மட்டும் எடுக்கச் சொன்னார். எல்லோரும் எழுதிக் கையொப்பமிட்ட பிறகுதான் நீளத்தைச் சொன்னார். அன்று எங்கள் விடைகள் 9.4 முதல் 10.1 வரை சிதறிக்கிடந்தன. டீச்சருக்கு மிகுந்த சந்தோசம்.

இந்த உரைக்காக வாசித்தபோது எங்களைத் திடுக்கிட வைத்தது இதுதான்: அதையே இப்போது அவர்கள் செய்கிறார்கள். ஷெரி சுயு என்ற பெண் வழிநடத்தும் குழு வேறொரு முறையில் அளக்கிறது. தொலைவிலுள்ள குவேசார் ஒன்றின் ஒளி, இடையில் நிற்கும் பால்வெளியின் ஈர்ப்பால் வளைந்து இரண்டு, நான்கு வழிகளில் வந்து சேரும். கல்முனையிலிருந்து ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒருவர் கடற்கரை வீதியாலும் மற்றவர் அம்பாறை சுற்றியும் அக்கரைப்பற்றுக்குப் போனால், யார் எவ்வளவு பிந்தி வந்தார் என்பதிலிருந்து பாதையைப் பற்றிச் சொல்லலாம் அல்லவா? அந்தப் பிந்தலை நாட்கணக்கில் அளந்து ஹபிள் மாறிலியைக் காண்கிறார்கள். கணிப்பு முழுவதும் இறுதி எண் அவர்களுக்கே தெரியாதபடி மறைத்து வைக்கப்பட்டிருக்கும். எல்லாச் சரிபார்ப்பும் முடிந்து, இனி எதையும் மாற்றமாட்டோம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் திறப்பார்கள். வருவது எதுவோ அதை அப்படியே வெளியிட வேண்டும். பிரீட்மனின் குழுவும் வெப் தொலைநோக்கி அளவீட்டில் இப்படித்தான் செய்தது. எதிர்பார்த்த எண் வந்ததும் பிழை தேடுவதை நிறுத்திவிடும் மனித குணத்துக்கு அஞ்சித்தான் இந்த ஏற்பாடு. எங்கள் ஆறு கொப்பிகளையும் அவர்கள் பார்த்திருப்பார்களோ என்று ஒருத்தி கேட்டாள்.

2017 ஆகஸ்ட் 17இல் இன்னொரு முறையும் பிறந்தது. இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலையை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் உள்ள கருவிகள் பிடித்தன. படி ஏறவேண்டிய தேவை இல்லாமல் அலையே தூரத்தைச் சொல்லிவிடும். விடை 70 அளவில் வந்தது. வழு ஒரு பக்கம் 12, மறுபக்கம் 8. இந்தக் கடிகாரமும் யோசித்துத்தான் நிற்கிறது. இன்னும் பல மோதல்கள் கிடைத்தால் கூர்மையாகும். இந்தியாவிலும் மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் அத்தகைய கருவி ஒன்றைக் கட்ட 2023இல் அந்நாட்டு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இதைத் தீர்க்கப்போகும் எண் அங்கிருந்துகூட வரலாம்.

எங்களில் நான்கு பேர், எங்கோ ஒரு பூச்சிய வழு ஒளிந்திருக்கிறது, பாடேயைப் போல ஒருவர் வந்து பிடிப்பார் என்கிறோம். இருவர் இரண்டு அளவும் சரி, இடையில் நாம் அறியாத ஏதோ பிரபஞ்சத்தில் நடந்திருக்கிறது என்கிறோம். ஏழாமவள் எந்தப் பக்கம் நின்றிருப்பாள் என்று அடிக்கடி பேசிக்கொள்வோம். 9.6 என்று எழுதியவள் அவள்தான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் அவளை நாங்கள் இழந்தோம். எங்கள் செயன்முறைக் கொப்பிகள் எல்லாம் அந்தத் தண்ணீரோடு போயின. அவளுடையது மட்டும் யாருக்கோ இரவல் கொடுத்ததில் சம்மாந்துறையில் இருந்தது. அதைக் கல்லூரி ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கிறோம். 31ஆம் பக்கத்தைத் திறந்து வைக்கும்படி கேட்டிருக்கிறோம்.

கடைசியாக ஓர் அழைப்பு. லெவிற் எண்ணிய இரண்டு முகில்களும் எங்கள் ஊரிலிருந்து தெற்கே தாழ்வாகத் தெரியக்கூடியவை. மாரி மழை விட்ட பிறகு, பெப்ரவரி பிற்பகுதியில், இரவு எட்டு மணியளவில் பெரிய முகில் தெற்கில் நிற்கும். அரபிகள் ஸுஹைல் என்றும் தமிழர்கள் அகத்தியம் என்றும் சொல்லும் பிரகாசமான விண்மீனைப் பிடித்துக்கொண்டு, அதன் கீழே சற்று வலப்பக்கமாக, அடிவானத்திலிருந்து நீட்டிய கையின் ஒன்றரை முட்டி உயரத்தில் தேடவேண்டும். கல்முனையின் வெளிச்சத்தில் தெரியாது. பொத்துவில் பக்கம் இருட்டான கடற்கரைக்குப் போகவேண்டும். பிறை 27, 28, 29 இரவுகள் உகந்தவை, நிலா தொல்லை தராது. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் பொறுக்க வேண்டும், போனைத் திறக்கக் கூடாது.

வருகிற கணிதப் பிரிவுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வான் பிடித்துப் போவதாக இருக்கிறோம். இம்முறை பதினொரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பழைய மாணவிகளில் வரக்கூடியவர்கள் பெயரைத் தாருங்கள். பிளாஸ்கும் பிளேன்டீயும் எங்கள் பொறுப்பு.